ஒரு கிலோ அஸ்கா, ஒரு லிட்டர் தண்ணீர்

நீல நிறத்தில் ஒன்றை வாங்கிக் குடிக்கும் பழக்கம் விழுப்புரத்துக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தால் அதிகம். சித்திரை வெயிலில் நேருஜி சாலையில் நின்று பாருங்கள், காலேஜ் பிள்ளைகள் கையில் அதுதான். புளூ மொஜிட்டோ. கடைத் தம்பி பிளாஸ்டிக் டம்ளரில் எலுமிச்சைத் துண்டும் புதினாவும் போட்டு ஒரு கட்டையால் நசுக்குகிறார். ஐஸை அள்ளிக் கொட்டுகிறார். நீல சிரப் ஒரு அழுத்து, நிறமில்லாத சிரப் ஒரு அழுத்து, மேலே சோடா. கனமான நீலம் அடியில் படிந்து, சோடா பட்டதும் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. கொடுக்கும் காசில் பாதி அந்தக் காட்சிக்குத்தான்.

கியூபாக்காரர்களுக்கு மொஜிட்டோ என்றால் வெள்ளை ரம், எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சோடா. நம் ஊருக்கு வரும் வழியில் ரம் இறங்கிக்கொண்டது, மற்றவை பத்திரமாக வந்து சேர்ந்தன. அதில் எனக்குப் புகார் இல்லை. என் கண் போனது அந்த நிறமில்லாத சிரப் புட்டிமேல். அதற்கு சிம்பிள் சிரப் என்று பெயர். பின்பக்கச் சீட்டில் எழுதியிருப்பது சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் சிட்ரிக் அமிலம், கெடாமல் இருக்க ஒரு மருந்து. எங்கோ வெளிமாநிலத்தில் புட்டியில் அடைத்து, லாரி ஏறி, கரும்பு விளைகிற ஊருக்கே வந்து இறங்கியிருக்கிறது சர்க்கரைத் தண்ணீர்.

ஐஸ் போட்ட தண்ணீரில் சர்க்கரை லேசில் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் அடியில் மணலாகக் கிடக்கும், கடைசி மடக்குதான் இனிக்கும். அதனால்தான் உலகெங்கும் காக்டெய்ல் கலக்குகிறவர்கள் சர்க்கரையை முன்கூட்டியே பாகாக்கி வைத்துக்கொள்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு பார்களில் அந்தப் பாகில் வேலம்பிசினும் கரைத்தார்கள், குடிக்கும்போது வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று. இந்தச் சூட்சுமத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் சர்க்கரை அஸ்காதான். கஞ்சம் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், அங்கே அஸ்கா என்ற ஊரின் ஆலையிலிருந்து மூட்டையோடு வந்த பெயர் என்பார்கள். ஜில்லா ஒரிசாவுக்குப் போன பிறகும் பெயர் நம்மிடமே தங்கிவிட்டது. ரேஷனில் வரிசையில் நின்று வாங்கிய அஸ்கா, தகர டப்பாவில் மேல் அலமாரிக்குப் போகும். அன்றாடக் காப்பிக்கு வெல்லம், வெள்ளைச் சர்க்கரை விருந்தாளிக்கு. ஆகவே பாகு காய்ச்சுகிறார்கள் என்றாலே வீட்டில் ஒரு விசேஷம், இல்லாவிட்டால் யாரோ பெண் பார்க்க வருகிறார்கள்.

அந்தக் காலத்து ரேஷன் சர்க்கரை இன்றுபோல் பளிச்சென்று இருக்காது. பழுப்பேறிய குருணை, நடுவே சணல் நூல், சமயத்தில் ஒரு எறும்பு. அலுமினியக் குண்டானில் தண்ணீர் ஊற்றி, சர்க்கரை கரைந்து கொதி வந்ததும் ஆயா ஒரு கரண்டி பால் விடுவார். இரண்டு நிமிஷத்தில் சாம்பல் நிற நுரை ஓரமாக ஒதுங்கும். அதை அள்ளிக் கொட்டிவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கீழே இறங்குவது கண்ணாடி. பாலில் இருக்கும் புரதம் சூட்டில் திரளும்போது அழுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறது, அவ்வளவுதான் விஷயம். இன்று கிடைக்கும் சர்க்கரைக்கு அந்தப் பால் தேவையே இல்லை. இருந்தும் எங்கள் பக்கத்தில் பலர் இன்னும் விடுகிறார்கள், நுரை வராவிட்டால் மனசு கேட்பதில்லை.

கம்பிப் பதம், இரட்டைக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் பலகாரத்துக்கு. சர்பத்துக்கு அவ்வளவு தூரம் போகக்கூடாது. இரண்டு விரலுக்கு நடுவே தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்க வேண்டும், கம்பி இழுக்கக்கூடாது. இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. ஜாங்கிரிக்கும் அதே நாலு சொட்டுதான். புளிப்பு பட்டால் சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும், பிறகு பாகு ஆறினாலும் கற்கண்டாக உறைந்து போகாது. புட்டிச் சீட்டில் இருக்கும் சிட்ரிக் அமிலம் செய்வதும் பெரும்பாலும் இதே வேலையைத்தான்.

எண்பதுகளில் இந்தப் பாகுக்கு ஒரு மறுவாழ்வு வந்தது, தொலைக்காட்சி வழியாக. அகமதாபாத்திலிருந்து வந்த ரஸ்னா. ஐந்து ரூபாய் பாக்கெட்டில் 32 கிளாஸ் என்று விளம்பரம். பாக்கெட்டுக்குள் ஒரு பொடியும் ஒரு சின்னக் குப்பியில் எசென்ஸும். சர்க்கரை நம்முடையது, பாகு காய்ச்சுவதும் நாம்தான். வீட்டில் பாகு ஆறும்வரை பிள்ளைகள் அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வரும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு புட்டி நிறைந்ததும் அம்மா அதைக் கணக்குப் பார்த்துத்தான் ஊற்றுவார். எந்த வீட்டிலும் 32 கிளாஸ் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, பிள்ளைகள் கெட்டியாகக் கலந்து தீர்த்துவிடுவார்கள். இந்தத் தலைமுறைதான் வீட்டில் பாகு காய்ச்சிப் புட்டியில் ஊற்றி வைத்த கடைசித் தலைமுறை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு தண்ணீரில் போட்டால் போதும் என்ற பொடி வந்தது, இரண்டு லிட்டர் பாட்டில் வந்தது, குளிர்பதனப் பெட்டி வந்தது. பாகுக் குண்டான் பரணுக்குப் போய்விட்டது.

வெல்லத்தின் கதை வேறு. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகனைப் பார்க்க நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள், இப்போதும் கொடுக்கிறார்கள். பரிக்கல், பூவரசன்குப்பம் நரசிம்மர் கோயில்களில் பானகம் நைவேத்தியம். வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கு, ஏலக்காய். வெல்லம் தண்ணீரில் சீக்கிரம் கரைவதால் காய்ச்சுகிற வேலை இல்லை, தட்டிப் போட்டு, ஊறவிட்டு, கல்லும் தூசும் போக வடிகட்டினால் ஆயிற்று. வெள்ளைக்காரன் 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் குடிக்கப் பழகி ஊருக்கு எடுத்துப்போன பஞ்ச் என்ற பானத்தைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவரின் 1632ஆம் வருஷக் கடிதத்தில் அதன் பெயர் வருகிறது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா. சாராயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் கிட்டத்தட்ட நரசிம்மருக்குப் படைப்பதுதான். இன்றைய காக்டெய்ல்களுக்கெல்லாம் பாட்டன் முறை அந்தப் பஞ்ச். மயிலத்துப் பந்தலில் பானகம் ஊற்றும் பெரியவரிடம் இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்.

கடைவீதியில் நடந்த மாற்றம் இன்னும் பெரிது. 1965இல் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர்கேஜ் பாதையில் மின்சாரம் ஓடத் தொடங்கியது. தெற்கே போகும் வண்டிகள் இங்கே மின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, நீராவி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டி நிற்கும் நேரம் வியாபாரிகளின் நேரம். வாளியில் ஐஸும் புட்டிகளுமாக "கலர், சோடா, கலர்" என்ற குரல் ஜன்னலுக்கு ஜன்னல் போகும். கலர் என்பது உள்ளூர் சோடா கம்பெனியின் சரக்கு. பெரிய அண்டாவில் பாகு காய்ச்சி, நிறமும் எசென்ஸும் விட்டு, புட்டிக்கு ஒரு அளவு ஊற்றி, மேலே வாயு ஏற்றிய தண்ணீரை அடைப்பார்கள். கோலி அடைத்த அந்தப் புட்டியை ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து 1872இல் காப்புரிமை வாங்கினார். சர்க்கரை கிடைக்காத காலத்தில் சில கம்பெனிகள் சாக்கரின் கலந்தன. நாக்கின் பின்பக்கத்தில் லேசாகக் கசந்தால் தெரிந்துவிடும். தரமான கம்பெனி, மட்டமான கம்பெனி என்று ஊர்க்காரர்கள் பிரித்துச் சொன்னதே பாகை வைத்துத்தான்.

இன்று தெற்கேயும் மின்பாதை. எஞ்சின் மாற்றுகிற வேலை இல்லை, வண்டி சில நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறது. நாலுவழிச் சாலை வந்தபிறகு திண்டிவனத்தில் பாதி வண்டி ஊருக்குள் நுழைவதே இல்லை. கோக் 1993இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்ததும் கலர் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில், 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது கோலி சோடாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் திரும்பி வந்த கோலி சோடாவில் பல கடைகளில் பாகு காய்ச்சுகிற மணம் இல்லை. கேனில் வாங்கிய சிரப்.

நன்னாரியில் எனக்குக் கோபமே உண்டு. செஞ்சிப் பக்கத்துப் பாறைக் காடுகளிலும் கடலோரப் புதர்க்காடுகளிலும் தானாகக் கிடைக்கும் கொடி அது. வேரைக் கழுவி, தட்டி, நடுவிலிருக்கும் வெள்ளை நரம்பை உருவி எறிந்துவிட வேண்டும். வாசனை மேல்தோலில்தான். தட்டிய தோலைக் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரில் இரண்டு பங்கு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் சர்பத் பாகு. வேரையே போட்டுக் கொதிக்க வைத்தால் வாசனை ஆவியோடு போய்விடும், அடுப்படி மணக்கும், டம்ளர் மணக்காது. நல்ல நன்னாரிப் பாகு தேன் நிறத்தில்தான் இருக்கும். இப்போது சாலையோரத் தள்ளுவண்டிகளில் பலவற்றில் நிற்பது கருஞ்சிவப்புப் புட்டி. எசென்ஸ், கேரமல் நிறம், சர்க்கரைப் பாகு. வேர் நாட்டு மருந்துக் கடையில் இன்னும் கிடைக்கிறது, விலையும் கைக்கு எட்டாததில்லை. ராத்திரி ஊறவைக்கத்தான் ஆள் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பாகை மறுபடி கையால் காய்ச்சுகிறவர்கள் இப்போது பார்களில்தான் இருக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ நாற்பது கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. அங்கே ஒரு பாரில் வேலை பார்க்கும் தம்பிக்குச் சொந்த ஊர் விக்கிரவாண்டிப் பக்கம்.

"சிரப் பாட்டில் வாங்கறது இல்லியாப்பா?"

"கலர் சிரப் வாங்குவோம்ண்ணே. வெறும் சிரப் எதுக்குண்ணே காசு குடுத்து? காலையில நானே போட்டுடுவேன். வெந்நீர்ல கலக்கறதுதான."

காய்ச்சுவதில்லை என்கிறார் என்பதைக் கவனியுங்கள். கொதிக்கவிட்டால் தண்ணீர் ஆவியாகி அளவு மாறிவிடும், நேற்றைய கிளாஸும் இன்றைய கிளாஸும் ஒரே இனிப்பில் இருக்காது. அவரிடம் எல்லாம் தராசில் எடைதான். சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் ஒரு வகை, இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் இன்னொரு வகை. முதலாவது சீக்கிரம் கலக்கும், சீக்கிரம் கெடும். குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு வாரம் தாங்கும், நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் சில நாளில் புளித்து நுரைக்கும். இரண்டாவதில் கிருமி பிழைக்கத் தண்ணீர் போதாது, அதனால் நெடுநாள் நிற்கும். ஆனால் அது சர்க்கரை கரையக்கூடிய எல்லைக்கே வந்துவிட்ட பாகு. குளிரில் அடியில் மணல் தட்டும், அப்போது எலுமிச்சை வேண்டும். புட்டியில் விற்கும் சர்பத் பாகில் கரைந்த சர்க்கரை முதலான திடப்பொருள் நூற்றுக்கு 65 பங்காவது இருக்க வேண்டும் என்று உணவுச் சட்டம் சொல்வதும் பாகு கெடாமல் நிற்கத்தான். பெரிய ஊர்களின் பார்களில் கருப்பட்டிப் பாகு, நன்னாரிப் பாகு, புளிப் பாகு என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள், ஒரு கிளாஸ் ஐந்நூறு அறுநூறு ரூபாய். இங்கே ஆயாவோடு போன கை அங்கே விலைப்பட்டியலில் இருக்கிறது.

விழுப்புரம் கடைக்குத் திரும்பினால் கணக்கு சிரிக்கிறது. ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் சுமார் 1.6 லிட்டர் பாகு. டம்ளருக்கு 30 மில்லி என்றால் ஐம்பது டம்ளருக்கு மேல் வரும். சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு டம்ளர் மொஜிட்டோவில் பாகின் அடக்கவிலை ஒரு ரூபாய்க்கும் கீழே. இதற்குப் போய் நூற்றுக்கணக்கில் விலை போட்ட புட்டி வாங்குகிறார்கள். கேட்டால் "நேரம் இல்லண்ணே, ஆள் இல்லண்ணே" என்பார்கள். பத்து நிமிஷ வேலை. உண்மைக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அலமாரியில் சீட்டு ஒட்டிய புட்டி நின்றால்தான் கடை மொஜிட்டோக் கடையாகத் தெரியும், குண்டானில் பாகு இருந்தால் அது சர்பத் கடை.

கல்யாண மண்டபங்களிலும் இதே கதை. முன்பு வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் சொம்பு. உள்ளே ஒரு அண்டாவில் ரோஸ் நிறச் சர்பத், மேலே சப்ஜா விதை மிதக்கும், சமையல்காரர் விடியற்காலையில் காய்ச்சிய பாகு. இப்போது விளக்கு போட்ட மாக்டெய்ல் மேசை, கறுப்புச் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள், புட்டியைச் சுழற்றிப் பிடிக்கும் வித்தை. பிள்ளைகள் நாலாவது டம்ளருக்கு வரிசையில் நிற்கின்றன. அண்டாச் சர்பத்தை யாரும் நாலு டம்ளர் குடித்ததில்லை. அவ்வளவு அஸ்கா யாரிடமும் இல்லை.

நான் கவலைப்படும் மாற்றம் இதுதான். அன்று பாகு நல்லதாக இருந்ததால் உடம்பு நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன், சர்க்கரை என்றைக்கும் சர்க்கரைதான். அன்று அது அரிது. சென்னையிலிருந்து வரும்போது விக்கிரவாண்டியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம். அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டும் சர்க்கரை ஆலை அங்கே இருக்கிறது. கரும்பு இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பண்ருட்டி தாண்டி நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி ஆலையின் தொடக்கம் 1842 என்று அந்த நிறுவனமே சொல்லிக்கொள்கிறது. அதே முண்டியம்பாக்கத்தில்தான் 2010 முதல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும் நடக்கிறது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேர், பக்கத்துப் புதுச்சேரியில் 26.3 பேர்.

சம அளவுப் பாகில் 30 மில்லி என்றால் 18 கிராம் சர்க்கரை. கெட்டிப் பாகாக இருந்தால் 26 கிராம். நீல சிரப்பும் பாகுதான், அதையும் சேர்த்தால் ஒரு டம்ளரிலேயே 40 கிராம் தாண்டலாம். ஒரு நாளைக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

மொஜிட்டோ குடிக்காதீர்கள் என்று சொல்ல நான் யார். இந்த வெயிலில் எலுமிச்சையும் புதினாவும் ஐஸும் சோடாவும் தொண்டையில் இறங்குவது சுகம்தான். வீட்டில் செய்கிறவர்கள் அரைக் கிலோ சர்க்கரையை அரை லிட்டர் வெந்நீரில் கலக்கி, வெந்நீரில் கழுவிக் காயவைத்த புட்டியில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மங்கலாகத் தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கடையில் குடிக்கிறவர்கள் "தம்பி, சிரப் பாதி போடுப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். காசு குறைக்கமாட்டார், ஆனால் பாதிதான் போடுவார்.